கொலினியர் கட்டினேன், எஸ்டபிள்யூஆர் 1.4 காட்டுகிறது, ஆனால் ஒன்பது கிலோமீட்டர் தாண்ட மாட்டேன் என்கிறது

மடிப்பாக்கம்_மாடி:

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் கிடையாது, போனில் ஒரு கோடு கூட இல்லை. சேலையூரில் மச்சான் வீட்டில் மாமியார் எப்படி இருக்கிறார் என்று தெரியாமல் வீட்டம்மா பட்ட பாட்டைப் பார்த்த கடுப்பில்தான் செல்போன் நெட்வொர்க் இல்லாமலே ரேடியோவில் குறுஞ்செய்தி அனுப்புகிற இந்த மெஷ்டாஸ்டிக் பக்கம் வந்தேன். ஹெல்டெக் வி3 ரேடியோ போர்டு (நோடு என்பார்கள்) இரண்டு வாங்கி ஒன்றை எனக்கும் ஒன்றை மச்சானுக்குமாக வைத்தாயிற்று. இந்தியாவுக்கான 865-867 மெகாஹெர்ட்ஸ், மோடு லாங்ஃபாஸ்ட், அதாவது மெஷ்டாஸ்டிக்கின் வழக்கமான அமைப்பு. நேர்கோட்டில் ஒன்பது கிலோமீட்டர், நடுவில் கோவிலம்பாக்கம் கட்டடங்களும் நன்மங்கலம் காடும்.

கூட வந்த குட்டி ஆண்டெனாவில் ஒன்றுமே போகவில்லை. சரி, நாமே கட்டுவோம் என்று ஆர்ஜி58 கோஆக்சியல் கேபிளை எட்டுத் துண்டாக வெட்டி, உள்கம்பியை அடுத்த துண்டின் வலையோடும் வலையை அடுத்ததன் உள்கம்பியோடும் மாற்றி மாற்றிப் பற்றவைத்து ஒரு கொலினியர் (துண்டுகளை ஒரே கோட்டில் அடுக்கிய ஆண்டெனா) செய்தேன். ஒரு துண்டு 114 மி.மீ. அரை அலைநீளம் 173, அதை 0.66 வேகக் காரணியால் (கேபிளுக்குள் அலையின் வேகம் ஒளிவேகத்தில் எத்தனை பங்கு என்பது) பெருக்கினால் வருவது அதுதானே. பிவிசி பைப்புக்குள் போட்டு மொட்டைமாடியில் நிறுத்தி, அங்கிருந்து பத்து மீட்டர் ஆர்ஜி58 இறக்கி என் அறையில் நோடை வைத்தேன். ஆண்டெனாவை அளக்கிற நானோ விஎன்ஏ வாங்கி அறையில் கேபிள் முனையில் பார்த்தால் 866-ல் எஸ்டபிள்யூஆர் 1.4 (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவு, எதுவும் திரும்பாவிட்டால் 1). அன்று ஒரு பிரியாணி வாங்கிக் கொண்டாடினேன், உண்மையாக.

ஆனால் மச்சான் பக்கம் பத்துச் செய்தியில் இரண்டோ மூன்றோதான் போய்ச் சேர்கிறது, சேர்வதும் எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் அளவு, டெசிபெலில்) -16, -17 என்று விளிம்பில் தொங்குகிறது. என்ன தப்பு? துண்டுகளைப் பதினாறாக்கினால் சரியாகுமா?

ரிச்சி_தெரு:

பதினாறா! முதலில் அந்தப் பத்து மீட்டர் கேபிளைக் கழற்றிப் போடுங்கள். 866-ல் ஆர்ஜி58 மீட்டருக்கு அரை டெசிபெல் தின்னும். பத்து மீட்டருக்கு ஐந்து டெசிபெல் போச்சு. உங்கள் நோடில் இருக்கிற எஸ்எக்ஸ்1262 ரேடியோ சிப் அதிகபட்சம் 22 டிபிஎம், அதாவது ஏறக்குறைய 158 மில்லிவாட் கொடுக்கும். மாடிக்குப் போய்ச் சேரும்போது அது 50 மில்லிவாட். வாங்கும்போதும் அதே ஐந்து டெசிபெல் நட்டம், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மடிப்பாக்கம்_மாடி:

அது சரி, ஆனால் எஸ்டபிள்யூஆர் 1.4 என்றால் ஆண்டெனா நன்றாகத்தானே இருக்க வேண்டும்? கேபிளில் ஐந்து போனாலும் கொலினியரில் ஆறு ஏழு டெசிபெல் கிடைக்கும் என்றுதானே அதைக் கட்டினேன்.

வால்வு_காலத்தவர்:

தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். மாடிக்குப் போய் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு கேபிள் முனையை அப்படியே திறந்து விடுங்கள். கீழே வந்து அதே விஎன்ஏவில் பாருங்கள். என்ன காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

காயில்கடை_மதுரை:

ஆகா, சார் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டார், எல்லாரும் உட்காருங்க.

மடிப்பாக்கம்_மாடி:

சார், பார்த்தேன். நம்பவே முடியவில்லை, இரண்டு தடவை ஏறி இறங்கினேன். ஆண்டெனாவே இல்லாமல் 1.9 காட்டுகிறது!

வால்வு_காலத்தவர்:

அதுதான் விஷயம். திறந்த முனையில் போன சக்தி முழுவதும் திரும்பி வர வேண்டும், எஸ்டபிள்யூஆர் முடிவிலிக்குப் போக வேண்டும். உங்கள் கேபிள் போகும்போது ஐந்து டெசிபெல், வரும்போது ஐந்து டெசிபெல் என்று பத்தை விழுங்கிவிடுகிறது. திரும்பி வருவது பத்தில் ஒரு பங்குதான். விஎன்ஏவுக்கு அது மட்டும்தானே தெரியும், அது பாவம் 1.9 என்கிறது. இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: கீழே 1.4 தெரிகிறது என்றால் மேலே உங்கள் கொலினியரின் உண்மையான எஸ்டபிள்யூஆர் 3 பக்கம். விஎன்ஏவை மாடிக்கே எடுத்துப்போய், ஆண்டெனா மாட்டுகிற இடத்தில் ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றையும் வைத்து அங்கேயே கேலிபரேட் செய்து பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. 50 ஓம் டம்மி லோடுக்கு எஸ்டபிள்யூஆர் 1.0. அது ஒரு அடி கூட அலை பரப்பாது, சூடு மட்டும்தான் ஆகும். எண் நன்றாக இருந்தால் ஆண்டெனா நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஈசூன்_புளோக்:

சிங்கப்பூரிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். இங்கே எங்களுக்கு 917-925, அதனால் உங்கள் மி.மீ. கணக்கை அப்படியே எடுக்க முடியாது, கால் அலை 81 பக்கம் வரும், வெட்டிச் சரிசெய்தால் 77. என் பிரச்சினை வேறு, புளோக் மொட்டைமாடிக்கு யாரையும் விட மாட்டார்கள், ஜன்னல்தான் கதி. முதலில் பழைய வைஃபை ரூட்டரின் ஆண்டெனாவை மாட்டி ஒரு மாதம் ஓட்டினேன். மரை கச்சிதமாக ஏறியது, ஆனால் ரூட்டரில் இருப்பது ஆர்பி-எஸ்எம்ஏ, நோடில் இருப்பது சாதா எஸ்எம்ஏ. இரண்டு பக்கமும் ஓட்டைதான், நடுவில் ஊசியே இல்லை. ஒரு மாதம் ஆண்டெனா இல்லாமலே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நோடு சாகவில்லை, முருகன் புண்ணியம்.

ரிச்சி_தெரு:

ஆண்டெனா இல்லாமல் அனுப்பினால் எல்லா நோடும் பிழைக்காது, புதியவர்கள் இதைப் படித்துத் தைரியம் கொள்ள வேண்டாம். போர்டில் இருக்கிற அந்தக் குட்டி ஐபெக்ஸ் பொத்தானையும் சும்மா சும்மா பிடுங்காதீர்கள், முப்பது தடவை மாட்டிக் கழற்றத்தான் அதற்கு உத்தரவாதம். சோதனைக்கென்று எஸ்எம்ஏ வால் ஒன்றை நிரந்தரமாக மாட்டிவிடுங்கள்.

மடிப்பாக்கம்_மாடி:

மாடியில் பார்த்துவிட்டேன். 866-ல் 3.2. எஸ்டபிள்யூஆர் தாழ்ந்து விழுகிற குழி இருக்கிறது, ஆனால் ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே எங்கோ போய்க் கிடக்கிறது. 114 மி.மீ. என்று ஸ்கேல் வைத்துத்தான் வெட்டினேன், அரை மி.மீ. கூடப் பிசகவில்லை, சத்தியம்.

வால்வு_காலத்தவர்:

ஸ்கேல் மேல் குற்றம் இல்லை. கேபிளுக்கு உள்ளே வெள்ளையாக இருப்பது கெட்டியான பாலிதீனா, நுரையா? நகத்தால் அழுத்திப் பாருங்கள். மேலே ஆர்ஜி58 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே நுரை வைத்து விற்கிறார்கள். நுரை என்றால் வேகக் காரணி 0.66 இல்லை, 0.8 பக்கம் இருக்கும். ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். மிச்சம் இருக்கிற கேபிளில் சரியாக அரை மீட்டர் வெட்டி, மறுமுனையைத் திறந்து விட்டு, விஎன்ஏவில் மறிப்பு எந்த அதிர்வெண்ணில் முதல் தடவை அடிமட்டத்துக்கு விழுகிறது என்று பாருங்கள். அங்கே அந்தத் துண்டு மின்கணக்கில் கால் அலை. 99 மெகாஹெர்ட்ஸ் என்றால் 0.66. 120 என்றால் 0.8.

மடிப்பாக்கம்_மாடி:

119! அப்படியென்றால் 0.79, ஒவ்வொரு துண்டும் 137 மி.மீ. இருந்திருக்க வேண்டும். எட்டுத் துண்டையும் பிரித்துத் திரும்பப் பற்றவைப்பதை நினைத்தாலே கை வலிக்கிறது. மறுபடியும் பற்றவைக்க உட்காரலாமா, இல்லை இதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு கட்டலாமா?

காயில்கடை_மதுரை:

போட்டுருங்கண்ணே. கிரவுண்ட் பிளேன் கட்டுங்க, அதாவது நிமிர்ந்த கால் அலைக் கம்பி ஒன்று, கீழே நாலு கால், ஒரு மணி நேர வேலை. எங்க அப்பா மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கார், நான் அங்கயே உட்கார்ந்து இதுவரை பதினோரு பேருக்குக் கட்டிக் கொடுத்திருக்கேன். நான் செய்யற முறையை அப்படியே எழுதுறேன்.

நாலு ஓட்டை உள்ள என் டைப் பேனல் சாக்கெட் ஒன்று, 14 கேஜ் செம்புக் கம்பி ஒரு அரை மீட்டர். காயில் கடையில் எடை போட்டுக் கொடுப்பார்கள், ஆனால் அது எனாமல் பூசினது, பற்றவைக்கிற இடத்தில் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று சுரண்டணும், இல்லையென்றால் ஈயம் ஒட்டினது மாதிரி தெரியும், உள்ளே பிடித்திருக்காது. நடு ஊசியில் 90 மி.மீ. நிமிர்த்திப் பற்றவைங்க. கீழ்க்கால்கள் நாலையும் பற்றவைக்காதீங்கண்ணே, அந்தப் பித்தளைச் சட்டம் 25 வாட் சால்டரிங் அயர்னின் சூட்டை அப்படியே குடித்துவிடும், ஒட்டவே ஒட்டாது. வளைய லக்கில் கம்பியைச் சொருகிப் பற்றவைத்து, அந்த லக்கை 3 மி.மீ. போல்ட் போட்டு மூலை ஓட்டைகளில் முடுக்குங்க. ஒவ்வொன்றும் 90 மி.மீ. அப்புறம் நாலையும் நாற்பத்தைந்து டிகிரிக்குக் கீழே மடக்குங்க, குடைக்கம்பி மாதிரி. படுக்கையாக விட்டால் 36 ஓம் பக்கம் நிற்கும், மடக்கினால் ஏறி 50 கிட்ட வந்துவிடும். அதுதான் இதன் அழகு, மேட்சிங் எதுவுமே வேண்டாம்.

இப்ப நடுக்கம்பியை வெட்டுறது. 90-ல் குழி 790 பக்கம் இருக்கும். ஒரு மி.மீ. வெட்டினால் ஏறக்குறைய பத்து மெகாஹெர்ட்ஸ் மேலே போகும். 84 வரைக்கும் கட்டிங் பிளேயர், அதற்கு அப்புறம் அரம் மட்டும்தான். 82-ல் 866-க்கு வந்துவிடும். அவசரப்பட்டு நான் 79-க்கு வெட்டின கம்பி கடையில் ஆணியில் இன்னும் தொங்குது, அப்பா பார்க்கிறப்பல்லாம் சிரிப்பார்.

ரிச்சி_தெரு:

பைப்புக்குள் போடுவதாக இருந்தால் பைப்புக்குள் வைத்துத்தான் கடைசியாக வெட்ட வேண்டும். பிவிசி ஒட்டினாற்போல் இருந்தால் குழி இருபது முப்பது மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கும். வெளியே 866-க்குப் பார்த்துப் பார்த்து வெட்டி உள்ளே விட்டால் 840-ல் போய் நிற்கும். நான் பைப்பே போடுவதில்லை, பற்றவைத்த இடத்தில் சிலிக்கான் பூசி விட்டுவிடுகிறேன்.

மடிப்பாக்கம்_மாடி:

ஆனால் கால் அலை என்றால் 2 டிபிஐ (ஆண்டெனா சக்தியைக் குவித்துக் கூட்டித் தருகிற அளவு) கூடத் தேறாதே? ஆன்லைனில் 12 டிபிஐ ஃபைபர் குழாய் விற்கிறார்கள். மேலேயிருந்து அறை வரைக்கும் கேபிள் இறக்கினாலும் மிச்சம் இருக்குமே.

குன்னூர்_நோடு:

அந்த ஆசையில் நான் பட்டதைச் சொல்லட்டுமா? இங்கே 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறேன், மேட்டுப்பாளையம் என் காலுக்குக் கீழே விரிந்து கிடக்கிறது, இதைவிட நல்ல இடம் வேண்டுமா என்று பெரிய டிபிஐ குழாய் ஒன்றைத்தான் நானும் முதலில் நிறுத்தினேன். கோயம்புத்தூர் பக்கமிருந்து கேட்டது, சந்தோஷம். ஆனால் இரண்டு கிலோமீட்டரில், 400 மீட்டர் பள்ளத்தில் இருக்கிற எஸ்டேட்டில் என் தம்பி வைத்திருக்கிற நோடு மட்டும் கேட்கவே இல்லை. கத்திக் கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்று அவன் கேலி செய்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவன் எனக்குப் பதினொரு டிகிரி கீழே. இந்தக் குழாய்கள் எங்கிருந்தும் சக்தியை உண்டாக்குவதில்லை, மேலும் கீழும் போவதை அமுக்கித் தட்டையாக்கித் தோசைபோல் சுற்றிலும் அனுப்புகின்றன. எட்டு டிபிஐ என்றாலே தோசையின் தடிமன் பதினைந்து டிகிரி அளவுதான். தம்பி தோசைக்கு வெளியே இருந்தான். இப்போது அதே கிரவுண்ட் பிளேன்தான் வைத்திருக்கிறேன், கோயம்புத்தூரும் கேட்கிறது, அவனும் கேட்கிறான்.

வால்வு_காலத்தவர்:

குன்னூர் அம்மா சொன்னதுதான். மடிப்பாக்கம் தம்பிக்கு மலை இல்லை, அவருக்குப் பிரச்சினை கட்டடங்கள். பன்னிரண்டு மீட்டர் மாடி இரண்டு என்றால் ரேடியோ அடிவானம் 28 கிலோமீட்டர் வரும், பூமியின் வளைவு அவரைத் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தடுக்கிறது. அதைத் தாண்ட டிபிஐ உதவாது, மூன்று மீட்டர் ஜிஐ பைப் உதவும். நோடையும் ஆண்டெனாவுக்கு அடியிலேயே டப்பாவில் வையுங்கள், கேபிள் ஒரு சாண் போதும். மொபைலில் புளூடூத்தோ வைஃபையோ வைத்துக் கீழேயிருந்து பேசிக்கொள்ளலாம்.

ஈசூன்_புளோக்:

கேபிள் இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் எல்எம்ஆர்400 மீட்டருக்கு 0.13 டெசிபெல்தான், ஆனால் விலையும் தடிமனும் தோட்டத்து ஓஸ் பைப் மாதிரி. டிஷ் டிவி கேபிள் ஆர்ஜி6 மீட்டருக்கு 0.2 பக்கம். 75 ஓம் என்று பயப்படுகிறார்கள், அந்தப் பொருந்தாமையால் போவது ஒரு டெசிபெல் கூட இல்லை. ஆர்ஜி58-ஐவிட எவ்வளவோ தேவலை.

காயில்கடை_மதுரை:

ஆனா அதில் ஈயம் பிடிக்காதுண்ணே, வலை அலுமினியம், நடுக்கம்பி இரும்பு மேல் செம்புப் பூச்சு. எஃப் கனெக்டர்தான் முறுக்கணும்.

வால்வு_காலத்தவர்:

நடுவில் ஒரு சட்டக் குறிப்பு, பழக்கதோஷம். 865-867-க்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005-ல் வந்த அறிவிப்பில் டிரான்ஸ்மிட்டர் 1 வாட், ஆண்டெனாவோடு சேர்த்து 4 வாட் இஆர்பி (பரப்பும் சக்தி), கேரியர் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தது. சக்தியில் நீங்கள் எல்லோரும் கிட்டவே வர மாட்டீர்கள். ஆனால் லாங்ஃபாஸ்ட் 250 கிலோஹெர்ட்ஸ் அகலம். லாங்மாடரேட் 125-க்குள் அடங்கும்.

ரிச்சி_தெரு:

சார், இந்த விவாதத்துக்குத் தனி இழையே இருக்கிறது, அங்கே நூறு பதிவு தாண்டிவிட்டது. ஊரில் எல்லோரும் ஒரே நாளில் மாறினால் மாறலாம், ஒருவர் மட்டும் மாறினால் அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மடிப்பாக்கம்_மாடி:

பத்து நாள் கழித்து வருகிறேன். கிரவுண்ட் பிளேன் கட்டியாகிவிட்டது. மதுரைத் தம்பி சொன்ன மாதிரியே 82.5-ல் 861, அரத்தால் நாலு தேய், 866-ல் 1.3. மாடியில் மூன்று மீட்டர் ஜிஐ பைப், உச்சியில் ஆண்டெனா, அதற்கு அடியில் ஜங்ஷன் பாக்ஸில் நோடு. அசோசியேஷன் செயலாளர் மேலே வந்து, செல்போன் டவர் வைக்கிறாயா, எங்கள் பேரப்பிள்ளைகள் என்ன ஆவது என்று பிடித்துக்கொண்டார், அவர் கையிலிருந்த போன் இதைவிட அதிக சக்தியில் கத்தும் என்று சொல்லிப் பார்த்தேன், வேலைக்காகவில்லை. அது கிடக்கட்டும்.

மச்சான் பக்கம் இப்போது என் செய்தி எல்லாம் போகிறது, எஸ்என்ஆர் -8. அதாவது முன்பைவிட எட்டு ஒன்பது டெசிபெல் ஏற்றம், அதுவும் நூறு ரூபாய்க் கம்பியில். ஆனால் அவன் அனுப்புவது எனக்குப் பாதிக்குப் பாதிதான் வருகிறது! ஒரே ஆண்டெனா, ஒரே மாதிரி நோடு இரண்டும். போகிறது, வரவில்லை. இது என்ன நியாயம்?

வால்வு_காலத்தவர்:

உங்கள் மாடியிலிருந்து பார்த்தால் செல்போன் டவர் தெரிகிறதா? எவ்வளவு கிட்டத்தில்?

மடிப்பாக்கம்_மாடி:

தெரிகிறதாவா, அடுத்த தெருவில் நேர் எதிரே நிற்கிறது சார். நூறு மீட்டர் கூட இருக்காது.

வால்வு_காலத்தவர்:

அவ்வளவுதான். 850 பேண்டு 4ஜி டவர் அனுப்புவது 869-லிருந்து தொடங்குகிறது. நீங்கள் கேட்பது 866. நடுவில் மூன்று மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. மச்சானின் மெல்லிய குரலை நீங்கள் கேட்க முயலும்போது காதோரம் ஒருவர் நாதஸ்வரம் வாசிக்கிறார். நீங்கள் அனுப்புவதற்கு அது தடையில்லை, சேலையூரில் அவன் பக்கத்தில் டவர் இல்லை, அதனால் அவனுக்குக் கேட்கிறது. நோடு அறையில் இருந்தவரை அந்த மோசமான கேபிள் டவரையும் சேர்த்து அமுக்கி வைத்திருந்தது. பக்கத்து அலைவரிசையை வெட்டுகிற கேவிட்டி ஃபில்டர் போடலாம், ஆனால் மூன்று மெகாஹெர்ட்ஸுக்குள் கூர்மையாக வெட்டுகிற ஃபில்டர் விலை அதிகம். முதலில் இடம் மாற்றிப் பாருங்கள், டவருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் ஏதாவது கனமாக வரட்டும், சேலையூர்ப் பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும்.

குன்னூர்_நோடு:

ரிஃப்ளெக்டரும் வைக்கலாம். மூன்று கம்பி யாகி, அதாவது ஒரே திசைக்கு வீசும் ஆண்டெனா கட்டினால் பின்பக்கம் தானே அமுங்கும். சைக்கிள் ஸ்போக்கில் கட்டியிருக்கிறேன், பின்கம்பி 170, நடு 163, முன்கம்பி 152, இடைவெளி 69 மி.மீ., மரச் சட்டத்தில். நடுக்கம்பியை மட்டும் செம்பில் வையுங்கள், ஸ்போக்கில் ஈயம் பிடிக்காது. அப்புறம் அதை டிவி ஆண்டெனா மாதிரி படுக்கவைத்து விடாதீர்கள், கம்பிகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். எல்லோருடையதும் நிமிர்ந்து நிற்கும்போது உங்களுடையது படுத்தால் இருபது டெசிபெல் வரை போய்விடும்.

மடிப்பாக்கம்_மாடி:

யாகி அடுத்த மாதம். இப்போதைக்கு பைப்பை மாடிப்படி அறையின் தெற்குச் சுவருக்கு மாற்றினேன். டவருக்கும் எனக்கும் நடுவில் அந்தச் சுவரும், அதன் மேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியும். உயரத்தில் ஒரு மீட்டர் இழந்தேன். நேற்று ராத்திரி மச்சான் ஒன்றிலிருந்து இருபது வரை எண்களை அனுப்பினான், பதினெட்டு வந்தது. தவறியவை ஏழும் பன்னிரண்டும்.

காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால், தொட்டி காலியாக இருந்தபோது, இன்னொரு தடவை அனுப்பச் சொன்னேன். இருபதில் பதிமூன்று.

காயில்கடை_மதுரை:

அண்ணே, அப்ப புயல் வந்தா மொதல்ல தொட்டியை ரொப்பி வைங்க!

ரிச்சி_தெரு:

ஆண்டெனா படம் போடுங்கள், பார்க்கலாம்.

மடிப்பாக்கம்_மாடி:

போட்டிருக்கிறேன். இடதுபக்கக் கால் மட்டும் வளைந்திருப்பது என் வேலை இல்லை, காகம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. மேலே ஏறி அளந்தேன், 1.3 இருந்தது 1.4 ஆகியிருக்கிறது. நிமிர்த்தினால் நாளைக்கும் வரும், அப்படியே விட்டுவிட்டேன்.